பதின்மூன்று பலகைகள்

பங்குனி மாதக் கடைசியில், கலிபோர்னியாவில் என் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே, ஒரு நாள் இரவு அடித்த காற்றிலும் மழையிலும் கொல்லைப்புறத்து வேலி சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் காப்பி அருந்திக்கொண்டே மாப்பிள்ளை அந்தச் சமாசாரத்தைச் சொன்னார். புது வேலி போடுவதற்கு ஆள் பேசியாகிவிட்டதாம். பழைய பலகைகளை அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டுவதற்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டுமாம்.

மரத்தைக் கொடுத்தால் காசு வாங்குவதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். மரத்தையும் கொடுத்து, அதன் மேல் காசையும் கொடுப்பது எனக்குப் புதுமையாக இருந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

பலகைகள் வெயிலிலும் மழையிலும் நரைத்து, சாம்பல் பூத்துக் கிடந்தன. அடுப்பெரிக்கத்தான் லாயக்கு என்றே எவருக்கும் தோன்றும். பேனாக் கத்தியால் ஒன்றைச் சுரண்டிப் பார்த்தேன். மேல் தோல் ஒரு நூல் கனம் போனதும் உள்ளே செங்காவி நிறம் பளிச்சென்று எட்டிப் பார்த்தது.

அப்போது, "அதை எறிந்துவிடாதீர்கள்" என்று ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஐந்து வருஷமாக அவருக்கும் என் பெண் குடும்பத்துக்கும் நடுவில் இருந்த வேலி அன்றைக்கு இல்லை; ஆகவே அன்றுதான் அறிமுகம் ஏற்பட்டது. அவர் ஐம்பது வருஷம் தச்சு வேலை செய்து ஓய்ந்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"இது ரெட்வுட். இதில் சில பலகைகள் பழங்காட்டு மரம். இன்று கடைக்குப் போய்க் கேட்டால் இப்படிப்பட்டது கிடைக்காது" என்றார் அவர்.

ரெட்வுட் என்றால் செம்மரம் என்றுதானே பொருள் என்று நேயர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சேஷாசல மலையில் விளையும் நமது செம்மரம் வேறு, இது வேறு. நமது செம்மரத்தின் வைரத்தைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். இந்த மரமோ தேக்கைக் காட்டிலும் இலேசானது. ஒரு கன அடி தேக்கு ஏறக்குறைய 40 பவுண்டு நிற்கும் என்றால், இது 28 பவுண்டுக்கு மேல் போவது அரிது. நகத்தால் அழுத்தினால் தடம் விழும். நிறம் ஒன்றுதான் இரண்டுக்கும் பொது.

உயரத்தில் இதை வெல்ல உலகில் வேறு மரம் கிடையாது. 2006-ம் ஆண்டில் கண்டுபிடித்து ஹைபீரியன் என்று பெயரிட்ட மரம் 115 மீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் உயிர் வாழ்ந்த மரங்களும் உண்டு. ஆரெகன் மாகாணத்தின் தென்கோடியிலிருந்து கலிபோர்னியாவின் நடுப்பகுதி வரையில், கடலோரமாக மூடுபனி வந்து படியும் ஒரு குறுகிய நாடாவில்தான் இது இயற்கையாக வளர்கிறது. 1848-ல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் சுமார் 20 லட்சம் ஏக்கர் காடு இருந்தது. தங்கம் தேடி வந்தவர்களுக்கு வீடு வேண்டும், பாலம் வேண்டும், தண்டவாளத்துக்கு அடிக்கட்டை வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் திராட்சை மதுவுக்குரிய பீப்பாய்களும் இந்த மரத்தில்தான் செய்தார்கள். 1906-ல் பூகம்பமும் நெருப்பும் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரை அழித்தபோது, நகரை மறுபடி எழுப்புவதற்கும் இந்தக் காடே பலகை கொடுத்தது. இன்று அந்தப் பழங்காட்டில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் எஞ்சி நிற்கிறது. இப்போது கடையில் விற்பதெல்லாம் வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்த்து வளர்ந்த இளமரம். பட்டுப்போகாமல் அடிக்கட்டையிலிருந்தே துளிர்ப்பது இம்மரத்துக்கு ஒரு விசேஷ சக்தி. பிக் பேஸின் என்ற வனப் பூங்காவை 1902-லேயே அரசாங்கம் ஏற்படுத்தியது. 2020-ல் காட்டுத்தீ அதை ஏறக்குறைய முழுவதும் எரித்தும், கரிந்துபோன மரங்கள் உடம்பெல்லாம் பச்சைத் துளிர் விட்டு நின்றன.

வேலிக்கு வருவோம். பலகைகளைத் தரம் பிரிக்கப் பெரியவர் கற்றுக்கொடுத்தார். முதலில் நிறம். மரத்தின் வைரப் பகுதி சிவப்பு, வெளிறு வெள்ளை. செல்லையும் மக்கலையும் தடுக்கும் சத்து சிவப்பில்தான் இருக்கிறது. வெள்ளைக் கரை ஓடிய பலகைகள் எல்லாம் விரல் பட்டாலே உதிர்ந்தன. மண்ணில் புதைந்திருந்த தூண்கள் ஒரு மாதிரிப் பச்சை நிறமாக இருந்தன. அவை மருந்து ஏற்றிய வேறு மரம். அந்த மருந்தில் பாஷாணமும் கலந்திருக்கலாம் என்பதால், செடித்தொட்டிக்கோ குழந்தைகள் தொடும் சாமானுக்கோ ஆகாது என்று ஒதுக்கிவிட்டார். பழைய வர்ணம் பூசிய பலகை இருந்தால் அதையும் இழைக்கக் கூடாதாம். 1978-க்கு முந்திய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். தூள் மூச்சில் போனால் ஆபத்து. எங்கள் வேலிக்கு யாரும் வர்ணம் பூசாதது நல்லதாயிற்று.

மக்கிய அடிப்பாகத்தை அறுத்துத் தள்ளி, வெடிப்பும் கணுவும் கழித்து எண்ணினால் மிஞ்சியவை பதின்மூன்று பலகைகள். ஒவ்வொன்றும் ஐந்தரை அடி நீளம், ஐந்தரை அங்குல அகலம், இழைத்த பின் முக்கால் அங்குலக் கனம்.

அந்தப் பதின்மூன்றில் ஒன்றை இழைத்தபோது நான் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். ரேகைகள் தலைமயிரைப் படிய வாரியது போல் நெருக்கமாக ஓடின. பூதக் கண்ணாடி வைத்து எண்ணினேன். ஓர் அங்குலத்துக்குள் 35 வளையங்கள்! வளையம் ஒன்றுக்கு வருஷம் ஒன்று. ஐந்தரை அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் 190 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிளாசி யுத்தம் நடந்த 1757-லிருந்து நாம் சுதந்திரம் அடைந்த 1947 வரையில் உள்ள காலம் முழுவதும் என் இரு கைகளுக்கு நடுவில் அடங்கியிருந்தது. இதைக் கொண்டுபோய் மண்ணில் நட்டு, நாய் தாண்டாமல் இருக்க வேலி அடித்தார்களே என்று இருந்தது.

இப்படிப்பட்ட சொற்ப மரத்தில் என்ன செய்யலாம்? பெரிய மேஜை, கட்டில் என்று ஆசைப்படக் கூடாது. மிருதுவான மரமாதலால் காய் நறுக்கும் பலகைக்கும் உதவாது. கத்தி பட்ட இடமெல்லாம் வடுவாகும். மழையில் நனையும் சாமான், கைக்கு இலேசாக இருக்க வேண்டிய சாமான், இந்த இரண்டுக்கும்தான் இது உகந்தது.

முதலில் கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி செய்தேன். அந்த ஊர்ப் பனிக்குப் பயந்து செடியைக் குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வைக்க வேண்டியிருப்பதால் தொட்டி இலேசாக இருப்பது அவசியம். மூன்று பலகைகள் போதும். இரண்டைப் பதினாறு அங்குலத் துண்டுகளாக அறுத்தால் எட்டுத் துண்டுகள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு பக்கமும் ஆயிற்று. மூன்றாவதில் மூன்று துண்டு அடிக்கு. தண்ணீர் வடிய நடுவில் இடைவெளி. மிச்சத்தைக் கீறினால் உள்மூலைச் சட்டங்கள்.

இதில்தான் நான் ஒரு பிழை செய்தேன். கொட்டகையில் ஒரு தகர டப்பாவில் இரும்பாணிகள் கிடந்தன. பெரியவரைக் கேட்காமலே அவற்றை அறைந்துவிட்டேன். பத்து நாள் தண்ணீர் ஊற்றியதும், ஒவ்வோர் ஆணித் தலையிலிருந்தும் மையைக் கொட்டியது போல் கறுப்புக் கோடு ஒழுகி நின்றது. மை போல் என்ன, மையேதான்! நம் முன்னோர்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மசி கூட்டினார்கள் அல்லவா? கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்து இந்த மரத்திலும் இருக்கிறது. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அதே மசிதான். எவர்சில்வர் திருகாணி அல்லது பித்தளைத் திருகாணி போட வேண்டும். பலகை நுனியில் முதலில் துறப்பணத்தால் துளையிடாவிட்டால் பிளந்தும் போகும். ஆணிகளைப் பிடுங்கினேன், கறை இன்றும் இருக்கிறது.

நான்காவது பலகையில் ஒரு குருவிக்கூடு. நீலக்குருவி என்று அங்கே ஒரு சிறு பறவை. மரப்பொந்து கிடைக்காவிட்டால் பெட்டியிலும் முட்டையிடும். வாசல் ஒன்றரை அங்குலம் இருந்தால் போதும். வாசலுக்கு உட்புறம் பலகையை இழைக்காமல் சொரசொரப்பாக விட்டால்தான் குஞ்சுகள் கால் பற்றி ஏறி வரும். வாசலில் உட்காரக் குச்சி வைப்பது அழகுதான். ஆனால் குஞ்சைத் திருடும் பறவைகளுக்கு அது வசதியாகிவிடும் என்பதால் வைக்கவில்லை.

பாக்கி ஒன்பது. வேலி இரு வீட்டுக்கும் பொது. சட்டப்படி செலவிலும் பாதிப் பாதி. அப்படியானால் பலகையிலும் பாதி பெரியவருடையதுதானே? மாப்பிள்ளைக்குத்தான் இது முதலில் தோன்றியது. "மாமா, அவரைக் கேட்க வேண்டாமா?" என்றார். நான் போய்க் கேட்டேன். பெரியவர் சிரித்து, "எல்லாம் உங்களுக்கே. எனக்கு ஒன்றே ஒன்று கொடுங்கள்" என்று சொல்லி, அந்த 35 வளையப் பலகையைக் காட்டினார்! உகுலேலே என்ற சிறிய நரம்பு வாத்தியத்துக்கு அதை முகப்பலகையாக வைத்தால் நாதம் நன்றாக இருக்குமாம். பழைய மதுத்தொட்டிப் பலகைகளிலிருந்து வாத்தியம் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது உண்மை. இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

மிஞ்சிய எட்டில்தான் பெரிய வேலை: கொலுப்படி. தரை அகலம் பதினொரு அங்குலம், நீளம் நாலடி, உயரம் முறையே எட்டு, பதினாறு, இருபத்துநாலு அங்குலம் என்று மூன்று தனித்தனி முக்காலிகள்; பின்னுக்குப் பின்னாக நிறுத்தினால் மூன்று படி. ஆறு பலகைகளை நாலடிக்கு அறுத்ததும் மேல் தட்டுகள் வந்துவிட்டன. அவற்றில் விழுந்த பதினாறு அங்குலத் துண்டுகள் ஆறும் சிறு முக்காலிக்கும் நடு முக்காலிக்கும் சரியாகக் காலாயின. எஞ்சிய இரண்டு பலகைகளில் உயரமான கால்கள். வாளுக்குப் போகும் பொடியைத் தவிர வீண் என்று எதுவும் இல்லை. நாலடி நீளத்துக்கு முக்கால் அங்குலம் இந்த மரத்தில் தொய்யும். ஆகையால் துண்டுச் சட்டம் ஒன்றை நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டும். நவராத்திரி போனால் நடு முக்காலியில் புத்தகம் அடுக்கலாம்.

நான் ஊர் திரும்புவதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. மூன்று மாதம் இழைத்து, அரத்தாள் போட்டு, எண்ணெய் தடவிய படிகளின் மேல் என் பெண் ஓர் எட்டு முழ வேட்டியை விரித்து மூடிவிட்டாள்! "கொலுப்படிக்கு வெள்ளை விரிப்பது வழக்கம்தானே அப்பா?" என்றாள். அதுவும் வாஸ்தவந்தான். பேத்திதான் எனக்காகப் பரிந்து பேசி, கீழ்ப்படியை மட்டும் திறந்து வைக்கச் செய்தாள். அந்தப் படியில் என் மனைவி கொடுத்தனுப்பிய மரப்பாச்சி ஜோடி நின்றது. அவை நமது செம்மரத்தில் கடைந்தவை. பேத்தி அவசரத்தில் ஆண் மரப்பாச்சியைத் தொப்பென்று வைத்தாள். ரெட்வுட் பலகையில் கால் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது.

சுண்டல் வாங்கிக்கொள்ள வந்திருந்த பெரியவர் அதைப் பார்த்தார். ஈரத்துணியை மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒரு கணம் அழுத்தச் சொன்னார். ஆவி ஏறியதும் நசுங்கிய மரம் உப்பி மேலே வந்தது. உற்றுப் பார்த்தால்தான் தடம் தெரிகிறது.

"வாத்தியம் எவ்வளவு தூரம் ஆயிற்று?" என்று அவரைக் கேட்டேன்.

"இன்னும் அறுக்கவில்லை. கோடு போட்டு வைத்திருக்கிறேன். வாளை எடுத்தால் கை வர மாட்டேன் என்கிறது" என்றார்.