ரவாங் அலமாரி: பாதி வீடு, பாதி ஆபீஸ்

ரவாங்கில் குடியிருந்துகொண்டு கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர்கள் பலருக்கு இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் ஆபீஸ்; மற்ற நாள்களில் வீட்டு மேசையே ஆபீஸ். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இதைப் பழக்கிவிட்டது. பிறகு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் காட்ட வேண்டும். வேலை முறை இப்படி மாறினாலும், பல வீடுகளில் துணி அலமாரி இன்னும் வாரம் ஐந்து நாள் கணக்கிலேயே நிற்கிறது. ஒரு பக்கம் தொடாத சட்டைகள், இன்னொரு பக்கம் தினமும் அதே டீசட்டை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆபீஸ் உடை எப்போதுமே வெயிலோடு செய்துகொண்ட சமரசம்தான். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் ரயில்வேயில் கிராணிகளாக இருந்த காலத்தில், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளை ‘துத்துப்’ கோட்டு வழக்கத்தில் இருந்தது. தடித்த பருத்தித் துணி. கஞ்சி போட்டுத் தேய்க்க டோபி இருந்தார். உள்ளே சட்டையும் டையும் தேவைப்படவில்லை. குளிர்சாதனம் வந்த பிறகுதான் டையும் கோட்டும் இந்த ஊரில் தாங்கக்கூடியவை ஆயின. அதுவும் கட்டடத்துக்குள் மட்டும்.

இன்று ரவாங்வாசியின் உடையைத் தீர்மானிப்பது ஆபீஸைவிட வழிதான். ரவாங் தலைநகருக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது. கேடிஎம் கோமுட்டரில் கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலையில் நடைமேடையிலேயே வேர்த்துவிடும். பெட்டிக்குள் குளிரும். இறங்கி நடந்தால் மறுபடி வேர்வை, கட்டடத்துக்குள் நுழைந்தால் மறுபடி குளிர். கட்டடங்களுக்கான மலேசியத் தரம் எம்எஸ் 1525 சொல்வது 24 முதல் 26 டிகிரி. ஆனால் பல உயரக் கட்டடங்களில் அதற்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை வேலை விடும் நேரம் பார்த்துக் கொட்டும். ஒரே நாளில் இத்தனையையும் தாங்குகிற உடைதான் வேண்டும்.

அதனால் தேர்வு துணியில் தொடங்குகிறது. சுத்தப் பருத்தி வேர்வையை உறிஞ்சும், ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் கசங்கிப்போகும். சுத்தப் பாலியஸ்டர் கசங்காது, மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். ஆனால் வேர்வை நாற்றம் அதில் ஒட்டிக்கொண்டு போகாது. சட்டைக்கு, பருத்தி கூடுதலாக இருக்கும் கலப்புத் துணியே நடுவழி. ரேயான் உடம்புக்குக் குளிர்ச்சி, விலையும் கைக்கு அடக்கம், ஆனால் ஈரத்தில் வலுவிழக்கும். முறுக்கிப் பிழிந்தால் உருக்குலையும். கால்சட்டைக்குக் கொஞ்சம் இழுபடும் அடர்நிறத் துணி நல்லது: மழைச்சேறு தெரியாது, உட்காரவும் வசதி. லினன் அழகுதான், ஆனால் கோமுட்டருக்கு உகந்ததல்ல.

குளிருக்கு ஒரு மெல்லிய கார்டிகனோ பிளேசரோ போதும். முன்பெல்லாம் அது நாற்காலி முதுகிலேயே தொங்கும். இப்போது பல ஆபீஸ்களில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது. காலியான மேசையில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் துடைத்து வைத்துப் போக வேண்டும். லாக்கர் இல்லாவிட்டால் மேலங்கி, குடை, மாற்றுச் செருப்பு எல்லாம் பையோடு போய்ப் பையோடு திரும்பும். ஆகவே, மடித்தால் கசங்காத பின்னல் துணி மேலங்கிதான் பிழைக்கும். உள்துணி வைத்துத் தைத்த கனமான கோட்டு வீட்டிலேயே தங்கிவிடும்.

எத்தனை வேண்டும் என்பது துவைத்தது காயும் வேகத்தைப் பொறுத்தது. இந்தப் புழுக்கத்தில் மேல்சட்டையை ஒருமுறை போட்டால் துவைத்தாக வேண்டும். கால்சட்டை இரண்டு முறை தாங்கும். சனிக்கிழமை துவைத்து அன்று மழை பிடித்தால் ஞாயிறும் ஈரமாகவே தொங்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாரம் மூன்று நாள் ஆபீஸ் போகிறவருக்கு ஐந்து மேல்சட்டை, மூன்று கால்சட்டை, ஒரு மேலங்கி தாராளம். மழைக்காலத்தில் ‘டோபி’ என்று பலகை மாட்டிய காசு போடும் சலவைக் கடை கைகொடுக்கும். ஆனால் அங்குள்ள சூட்டுலர்த்தி ரேயானுக்கு எமன்.

போடாமல் கிடக்கும் துணிக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். நெருக்கி மாட்டிய கோட்டின் கழுத்துப் பட்டையில் சாம்பல் நிறப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடிக்கும். அலமாரிக்குள் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா சில வாரங்களிலேயே அடியில் தண்ணீரைச் சேர்த்துக் காட்டிவிடும். காற்றில் எவ்வளவு ஈரம் என்பதற்கு அதுவே சாட்சி. காலணியின் கதை இன்னும் மோசம். பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஜோடி, சில வருடம் கழித்துப் போட்டு நடந்த அன்று கேஎல் சென்ட்ரல் படிக்கட்டில் துண்டு துண்டாக உதிர்வது இதனால்தான். ரப்பர் அடியுள்ள இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது, ஐந்து ஜோடியைச் சேமிப்பதைவிட உருப்படியான ஏற்பாடு.

வீட்டு நாள்களின் வழக்கம் ஊரறிந்தது: மேலே காலர் வைத்த சட்டை, கீழே கைலி. எழுந்து கதவைத் திறக்க வேண்டிய நிலை வராதவரை அதில் குற்றமில்லை. கேமராவுக்கென்று சில குணங்கள் உண்டு. நெருக்கமான கோடு, சிறு கட்டம் போட்ட துணி திரையில் அலையலையாக நெளியும். பளீர் வெள்ளை போட்டால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருண்டுவிடும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கருநீலம், அரக்கு, கடுகு மஞ்சள், இலைப் பச்சை போன்ற ஒற்றை நிறங்கள் எடுபடும். ஆபீஸ் சட்டைகளில் இரண்டை இந்த நிறங்களில் வாங்கினால் வீட்டு நாளுக்குத் தனி உடை தேவைப்படாது.

பெண்களுக்கு இங்கே தேர்வு விரிவு. பாஜு குரோங் எந்த ஆபீஸிலும் செல்லும், ஆனால் நீண்ட பாவாடை கோமுட்டர் நெரிசலில் மிதிபடும். பஞ்சாபி சூட் நடக்கவும் ஏறி இறங்கவும் வசதி. துப்பட்டா ரயில் குளிருக்குப் போர்வை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்குப் போகவும் அதுவே போதும். டாப்ஸை மட்டும் தனியே கால்சட்டையோடு போட்டால் இன்னோர் உடை. சேலையைப் பொங்கல், தீபாவளிக் கொண்டாட்ட நாளுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். ரவாங்கிலிருந்து கட்டிக்கொண்டு போகிறவரின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். அரசு ஊழியர்களுக்கு 2008 முதல் வியாழக்கிழமை பாதிக் நாள். ஆகவே ஆண் பெண் இருவருக்கும் ஒரு நல்ல பாதிக் வீண்போகாது, தனியார் ஆபீஸ் விருந்துக்கும் அது செல்லும். அரசு அலுவலக முகப்புகளுக்குப் போகும் வேலை இருந்தால் முட்டியும் தோளும் மறைய வேண்டும். 2015-இல் அப்படி ஓர் அலுவலகத்தில் முட்டி தெரியப் பாவாடை கட்டி வந்த பெண்ணுக்குச் சாரோங் கொடுத்தது நாடு முழுக்க விவாதமானது.

வாங்குவதற்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா என்று வரிசையாக இடமுண்டு. முதலில் வாங்க வேண்டியவை கால்சட்டையும் காலணியும், தேய்வது அவைதான். சட்டையை வருடம் இரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆயத்த கால்சட்டைகள் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் நீளம் அதிகமாகத்தான் இருக்கும். தையற்காரரிடம் வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். பருத்தியும் ரேயானும் முதல் துவைப்பில் சுருங்குபவை, வெட்டிய துணியைத் திரும்ப நீட்ட வழியில்லை.