52 மணி நேரமும் 384 மணி நேரமும்

ஆர்.சி. வீடு ஒன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு, மாடி ஹாலில் நடக்கும் பெந்தேகோஸ்தே ஆராதனைக்குப் போக ஆரம்பித்தால், தெருவில் முதலில் எழும் கேள்வி: "என்ன குடுத்தாங்களாம்?" மதம் மாறக் கோதுமையும் பால்பவுடரும் கொடுத்தார்கள் என்ற பழைய பேச்சின் மிச்சம் அது. கேட்பவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. காஞ்சிபுரம் பட்டு எடையும் ஜரிகை எடையும் எழுதிவைத்துப் பிழைக்கும் ஊர். இதையும் எழுதிப் பார்த்துவிடுவோம்.

தலைக்கணக்கு

2011 கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் நகர மக்கள்தொகை 1,64,384. கிறிஸ்தவர்கள் 0.83 சதவீதம், ஏறக்குறைய 1,360 பேர். மாநிலம் முழுவதும் 44,18,331 பேர். இவர்களில் ஆர்.சி. யார், சி.எஸ்.ஐ. யார், பெந்தேகோஸ்தே யார் என்று இந்தியக் கணக்கெடுப்பு பிரித்துச் சொல்வதில்லை. ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகிறவரால் அரசாங்கத்தின் எந்த எண்ணும் மாறாது. பியூ ஆய்வு மையம் 2019-20இல் சுமார் 30,000 இந்தியர்களிடம் கேட்டு, கிறிஸ்தவர்களில் 37 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்றது. ஆனால் அது ஒரு நாளின் நிலவரம், நகர்வைக் காட்டாது.

நகர்வைப் பார்க்க இலங்கைக்குப் போகவேண்டும். அங்கே கத்தோலிக்கர், பிற கிறிஸ்தவர் என்று இரண்டு பத்திகள் உண்டு.

1981: கத்தோலிக்கர் 10,23,713, பிற கிறிஸ்தவர் 1,06,855.
2012: கத்தோலிக்கர் 12,61,194, பிற கிறிஸ்தவர் 2,90,967.

31 ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை 37 சதவீதம் கூடியது. கத்தோலிக்கர் கூடியது 23 சதவீதம், பிற கிறிஸ்தவர் 172 சதவீதம். புதிதாக வந்த எல்லோரும் கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர். இந்துக்களும் பௌத்தர்களும் இருப்பார்கள். அந்தப் பத்தியில் பழைய மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் குடும்பங்களும் அடக்கம். ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது.

ஒரு வீட்டின் ஆண்டுக் கணக்கு

தறியை நம்பிய ஒரு வீடு. மாத வருமானம் ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்குக்காக நான் வைத்த தொகைகள். உங்களுக்குத் தெரிந்த வீட்டுத் தொகையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

பூசைக்குப் போகும்போது:
– ஞாயிறு 1 மணி நேரம் × 52 = 52 மணி நேரம்
– உண்டியல் ரூ.20 × 52 = ரூ.1,040
– ஆண்டுச் சந்தா ரூ.500, திருவிழா வரி ரூ.1,000, பூசைக் கருத்துக்கு ரூ.500
– மொத்தம்: 52 மணி நேரம், ரூ.3,040

சபைக்குப் போகும்போது:
– ஞாயிறு ஆராதனை 3 மணி நேரம் × 52 = 156
– வெள்ளி உபவாச ஜெபம் 3 மணி நேரம் × 52 = 156
– மாதம் ஒரு முழு இரவு ஜெபம் 6 மணி நேரம் × 12 = 72
– தசமபாகம் ரூ.1,500 × 12 = ரூ.18,000
– காணிக்கை ரூ.50 × 52 = ரூ.2,600
– மொத்தம்: 384 மணி நேரம், ரூ.20,600

நேரம் ஏழு மடங்குக்கு மேல். பணம் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. வெள்ளிக்கிழமைப் பகல் மட்டும் 156 மணி நேரம், அதாவது 19.5 வேலை நாள். ஒரு சேலைக்கு 15 நாள் என்றால், ஆண்டுக்கு ஒரு சேலைக்கு மேல் தறியிலிருந்து இறங்காமல் போகிறது. ஆக, பணம் போவது வீட்டிலிருந்து சபைக்கு. "என்ன குடுத்தாங்களாம்" என்ற கேள்வி இந்த இடத்தில் செத்துவிடுகிறது.

லத்தீன் அமெரிக்காவில் பியூ 2013-14இல் எடுத்த ஆய்வும் இதையே சொல்கிறது. அங்கே கத்தோலிக்கராக வளர்ந்தவர்கள் 84 சதவீதம், இப்போது கத்தோலிக்கராக இருப்பவர்கள் 69 சதவீதம். வெளியேறிப் புராட்டஸ்டண்ட் ஆனவர்களில் 81 சதவீதம் பேர் கடவுளோடு நேரடியான உறவு தேடிப் போனதாகச் சொன்னார்கள். நல்ல வருமானத்தை எதிர்பார்த்துப் போனதாகச் சொன்னவர்கள் 14 சதவீதம்தான்.

ரூபாயில் வராதவை

கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், சபையின் பைபிளில் 66. குறையும் 7இல் மக்கபேயர் இரண்டும் அடக்கம். இறந்தவர்களுக்காக வேண்டுவதற்குக் கத்தோலிக்கர் காட்டும் ஆதாரம் மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது. அது போனால் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அப்பா கல்லறைமேல் ஏற்றும் மெழுகுவத்தியும் போகிறது. செபமாலையின் 53 'அருள் நிறைந்த மரியே'யும் போகிறது.

நகையும் பல சபைகளில் போகிறது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் தறிக்குத் தார் சுற்றுகிறார். கம்மலைக் கழற்றிப் பல வருஷம் ஆகி, காதுத் துளை தூர்ந்து ஒரு சின்ன வடுவாக நிற்கிறது. ஊருக்கே கல்யாணச் சேலை நெய்யும் தெருவில், அவர் உடுத்துவது வெள்ளை நூல் சேலை.

"ஏன்க்கா போனீங்க?" என்று கேட்டேன். தார் சுற்றும் கை நிற்கவில்லை.

"பையன் பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்தான். பாஸ்டர் மூணு வாட்டி வந்தாரு. தலைல கை வெச்சு, அவன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணாரு. ஃபாதரும் நல்லவருதான் தம்பி. அவருக்கு எங்க நேரம்?"

ஆள்கணக்கு

அந்தக் கடைசிக் கேள்விக்கும் எண் உண்டு. 2022இல் உலகக் கத்தோலிக்கர் 139 கோடி, குருக்கள் 4,07,730. ஒரு குருவுக்கு ஏறக்குறைய 3,400 பேர். வீட்டுக்கு 4 பேர் என்றால் 850 வீடுகள். நாளுக்கு ஒரு வீடு என்று ஓயாமல் போனாலும் ஒரு சுற்று முடிய 2 ஆண்டு 4 மாதம். மாடி ஹால் சபையில் 60 பேர், 15 வீடுகள் என்று வைத்தால், 15 நாளில் சுற்று முடிகிறது.

குருக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது எளிதல்ல. திருச்சபைச் சட்டப்படி தத்துவமும் இறையியலும் மட்டுமே குறைந்தது 6 முழு ஆண்டுகள் படிக்கவேண்டும், மணத்துறவும் வேண்டும். தனிச் சபை தொடங்க ஒரு ஹாலும் கீபோர்டும் 20 பிளாஸ்டிக் நாற்காலியும் போதும். பாஸ்டரின் மனைவி அடுப்படிவரை வந்து உட்கார்ந்து ஜெபிப்பார். படிப்பு குறைந்த பாஸ்டர் தவறாக நடத்தினால் முறையிட மேலே ஆயர் இல்லை என்பதும் இதே கணக்கின் மறுபக்கம்.

சாதிக்கும் ஒரு பத்தி ஒதுக்கவேண்டும். இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையின்படி, 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். இந்தியாவின் முதல் தலித் கர்தினால் அந்தோணி பூலா பொறுப்பேற்றது 2022 ஆகஸ்டில்தான். 2008 மார்ச் 9 அன்று அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்ட தகராறு துப்பாக்கிச்சூட்டில் முடிந்து 2 பேர் இறந்தனர். அப்படிப்பட்ட ஊரில் காலனிக்குள்ளேயே ஒரு சபை வந்தால், யாருடைய தெருவையும் தாண்டாமல் சாமி கும்பிடலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையும் சும்மா இருக்கவில்லை. 1967இல் அமெரிக்காவில் எழுந்த அருங்கொடை இயக்கம் 1970களில் இந்தியா வந்தது. கைதட்டலும் குணமளிக்கும் செபமும் பூசைக்காரர்களுக்கும் கிடைத்தன. சிலர் அதோடு நின்றார்கள், சிலருக்கு அதுவே வெளியேறும் படியானது. கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' 30 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. வெளியே வந்தபின்னும் ஜனங்கள் அவரை 'ஃபாதர்' என்றே கூப்பிடுகிறார்கள்.

பதிவேடு

அந்த அக்காவின் பெயர் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. முறைப்படி விலகுவது பற்றித் திருச்சபையின் திருமணச் சட்டங்களில் இருந்த வாசகத்தையும் ரோம் 2009இல் எடுத்துவிட்டது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மூன்று ஞாயிறாக ஒருவர் வரவில்லை என்று எழுதக் கட்டம் இல்லை.

60 பேர் ஹாலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், அன்று மாலையே போன் வருகிறது.