கல் மேல் வைத்தாலும் அதிரும்

இசைத்தட்டில் ஓடும் ஊசிக்குப் பாட்டும் தெரியாது, பக்கத்துத் தெருவில் போகும் லாரியும் தெரியாது. தன்னை எது அசைத்தாலும் மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். மெல்லிய இசை வரும் இடங்களில் தட்டிலுள்ள வரியின் நெளிவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதோடு போட்டியிட ஒருவர் நடக்கும் காலடி அதிர்வே போதும். ஸ்பீக்கர் எழுப்பும் ஒலியும் மேசை வழியாக ஊசிக்கே திரும்பி வரும். வால்யூமைக் கூட்டினால் ஊளையிடத் தொடங்கும்.

உடனே பலர் தேடிப்போவது கிரானைட் பலகையை. கனமான பொருளை எளிதில் அசைக்க முடியாது என்பது சரிதான். ஆனால் தரைமேல் நேராகக் கிடக்கும் கல், தரை அசைந்தால் கூடவே அசையும். போதாக்குறைக்கு, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே புகுந்த அதிர்வு சீக்கிரம் அடங்கவில்லை என்பதுதான் அதன் பொருள். வெண்கலப் பாத்திரத்தைத் தட்டிவிட்டு விளிம்பில் விரல் வைத்தால் ஓசை செத்துவிடுகிறதல்லவா? அந்த விரலின் வேலையைச் செய்ய இன்னொரு பொருள் வேண்டும். ரப்பர், கார்க், தார்த்தகடு போன்றவை அதிர்வை வெப்பமாக்கித் தின்றுவிடுகின்றன.

தரையிலிருந்து பிரித்து வைக்கத்தான் ஸ்பிரிங். எட்கர் வில்ச்சர் வடிவமைத்து, அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் விற்ற டர்ன்டேபிளில், சுழலும் தட்டும் ஊசி தாங்கும் கையும் ஒரே சட்டத்தில் இருந்தன. அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கியது. மோட்டாரைத் தனியே பொருத்தி, பெல்ட்டால் இணைத்தார்கள். பின்னால் ஸ்காட்லாந்தில் வந்த லின் சோன்டெக்கும் இந்த வழியில்தான் போனது.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். பாரம் ஏறியதும் ஸ்பிரிங் 1 செ.மீ. இறங்கினால், அந்த அமைப்பு நொடிக்குச் சுமார் 5 முறை ஆடும் இயல்புடையது. 1 மி.மீ. மட்டுமே இறங்கினால் சுமார் 16 முறை. இந்த எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலான அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். எண்ணை ஒட்டி வருவதைப் பெரிதாக்கியே விடும். ஊசியும் கையும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 10 முறை ஆடும் இயல்புடையவை என்பதால், ஸ்பிரிங் அதற்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். எடை குறைந்த பிளேயருக்கு அடியில் கெட்டியான ரப்பர் கட்டையைச் செருகினால் அது அமுங்கவே அமுங்காது. அமுங்காத ரப்பர் காலடி அதிர்வைத் தடுக்காது, விலை எவ்வளவு இருந்தாலும்.

ஸ்பீக்கர் பெட்டியில் கதை வேறு. பலகையைத் தடிமனாக்கி விறைப்பாக்கினால் அதன் சொந்த அதிர்வு மேலேறி, மனிதக் குரலின் எல்லைக்குள் வந்து தொல்லை தரலாம். பிபிசி பொறியாளர்கள் 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள்: மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகை, உட்புறம் தார்த்தகடு. எனக்கு இந்தத் தந்திரம் கிரானைட்டைவிட அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் வைக்க, அதிர்வைத் தடுக்கும் என்று விற்கப்படும் விலையுயர்ந்த கூம்புகளை வாங்குவது வீண்செலவு என்பேன். வால்வு ஆம்ப்ளிஃபயர் அப்படியல்ல. வால்வைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' கேட்கலாம்.

டர்ன்டேபிளுக்கான சோதனையும் சுலபம். சுழலாத தட்டில் ஊசியை இறக்கி, வால்யூமை மிதமாக வைத்து, மேசையை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் வரும் 'தொம்' எவ்வளவு பெரியது என்று கேட்டுவிட்டு, அடியில் இருப்பதை மாற்றி மறுபடி தட்டுங்கள். கடைக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.