சந்திரகிரியின் ராஜமஹால்

பலமனேரில் பஸ் ஏறி, மொகிலிக் கணவாயின் வளைவுகளில் இறங்கி, சித்தூரைக் கடந்து திருப்பதிக்குப் போகும் யாத்ரிகர்களில் பெரும்பாலோர், ஏழுமலையானின் தரிசனம் ஒன்றையே சித்தத்தில் கொண்டவர்களாய், திருப்பதிக்குச் சற்று முன்பாக மலையடிவாரத்தில் நிற்கும் சந்திரகிரிக் கோட்டையை ஏறிட்டும் பாராமல் சென்றுவிடுகிறார்கள். எனக்கு இது நெடுநாளைய மனக்குறை. ஒரு சாம்ராஜ்யத்தின் அந்திமகாலத்து ராஜதானி அல்லவா அது!

சந்திரகிரியை ஆண்டுவந்த சாளுவ நரசிம்மர் 1485-இல் விஜயநகர சிம்மாசனம் ஏறினார்; கிருஷ்ணதேவராயரின் தம்பி அச்சுதராயர் இங்கே காவலில் இருந்து, 1529-இல் அண்ணன் மறைந்தபின் முடிசூடப் புறப்பட்டார். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்த அரசு, இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் இவ்விடம் வந்து சேர்ந்தது.

பெரும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய மதிலைத் தாண்டி உள்ளே சென்றால், மூன்று அடுக்கு ராஜமஹால் எதிர்ப்படும். கீழே வரிசை வரிசையாக வளைவுகள். உச்சியிலோ கோயில் விமானங்களை நினைவூட்டும் சிகரங்கள். இரு வேறு கட்டடக் கலைகள் இத்தனை இணக்கமாகக் கூடியிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கல், செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றாலேயே எழுந்த இம்மாளிகையில் உத்தரத்துக்குக்கூட மரம் கிடையாது. தடித்த சுவரில், காரை பெயர்ந்து செங்கல் தெரிந்த ஓரிடத்தை விரலால் தடவிப் பார்த்தேன்; செங்கற்களுக்கு இடையிலிருந்த சுண்ணாம்பு, ஒரு துகள்கூட உதிரவில்லை.

இதை நினைக்கும்போது ஜப்பானியரின் பழங்கோட்டைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஓடா நொபுநாகா 1576-இல் பிவா ஏரிக்கரையில் எழுப்பத் தொடங்கிய அசூச்சிக் கோட்டையின் மாட மாளிகை மரத்தால் ஆனது. 1582-இல் அது தீக்கிரையாக, அங்கே போகிறவர்கள் இன்று கல் அடித்தளத்தையும் படிகளையுமே காண்கிறார்கள். சந்திரகிரியில், ராஜ்யம் போய்விட்டது, மாளிகை நிற்கிறது.

சென்னைவாசிகளுக்கு இவ்விடத்தின்மேல் தனிப் பாத்தியதையும் உண்டு. 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்ஸிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் சென்னையின் கடற்கரை நிலத்துக்கு அனுமதி பெற்றபோது, அந்நாயக்கர் விஜயநகர ராயருக்கு அடங்கியவர். 1645-இல் அந்த உரிமையை உறுதிசெய்து சாசனம் அளித்தவரும் ராயரான மூன்றாம் ஸ்ரீரங்கரே. அனுமதி இந்த ராஜமஹாலில்தான் வழங்கப்பட்டது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ராஜமஹால் இப்போது தொல்பொருள் துறையின் அருங்காட்சியகம். இரண்டு அடுக்கு ராணிமஹாலையும், இடிந்த கோயில்களையும் நிதானமாகச் சுற்றிவர அரைநாளாவது வேண்டும். மலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இறங்குங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.