ஓடினால்தான் வெளிச்சம்

திருவனந்தபுரத்துத் தம்பானூர் ரயில் நிலையத்தில் எஞ்சின் மாற்றவோ சிக்னலுக்கோ வண்டி நெடுநேரம் நின்றால், பெட்டியில் பல்பு சோகை பிடித்து மஞ்சளாகும். சுற்ற மறுக்கும் ஃபேனைச் சீப்பால் தள்ளிவிட்டுத்தான் நாகர்கோவில்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

1931-இல் கருங்கல் கட்டடத்தோடு நிலையம் இங்கே வந்தது. 1976-இல் அகலப்பாதை, 1979-இல் கன்னியாகுமரிப் பாதை. தண்டவாளம் மாறினாலும் பெட்டிகளின் மின்சாரம் மட்டும் வெகுகாலம் தனிக்குடித்தனம்தான். சக்கர அச்சிலிருந்து ஒரு பெல்ட், அது சுழற்றும் டைனமோ, பிறகு ஆல்டர்னேட்டர். அடியில் தொங்கும் பெட்டியில் லெட் ஆசிட் பேட்டரி. முதலில் 24 வோல்ட், பின்னர் 110. பழைய பெட்டியின் சார்ஜிங் பாயின்டில் நம் போனுக்கு வந்ததும் அந்த 110 வோல்ட் டி.சி.தான்.

மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் வந்தால்தான் சார்ஜ் ஏறத் தொடங்கும். எக்ஸ்பிரஸுக்கு அது பொருட்டே இல்லை. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை என்று நின்று நின்று போகும் பாசஞ்சருக்கு? ஏறியதை அடுத்த நிறுத்தம் தின்றுவிடும். அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு ஓடினாலும் முழுசாக ஏறாது. அடைமழை மாதத்தில் கூரை சோலாரை மட்டும் நம்பும் வீட்டு பேட்டரிக்கும் இதே நோய்தான்.

ஊழியர்கள் அடியில் குனிந்து, செல் செல்லாக ஹைட்ரோமீட்டர் விட்டு அடர்த்தி பார்ப்பார்கள். 1.210-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. குறைந்தால் பராமரிப்புத் தடமான பிட் லைனில் சார்ஜர் மாட்டுவார்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது தனி வேலை. பெல்ட் அறுந்த பெட்டிக்கு, கோடியில் உள்ள டெர்மினலில் ஒயர் இழுத்துப் பக்கத்துப் பெட்டியிடம் கரண்ட் கடன் வாங்குவதும் உண்டு.

இப்போது எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டிகள் கொண்ட வண்டிகளில் ஜெனரேட்டர் வேனோ எஞ்சினோ ரயில் முழுவதற்கும் 750 வோல்ட் கொடுக்கிறது. 25,000 வோல்ட் மேல்கம்பியிலிருந்து எஞ்சின் அதை இறக்கித் தருகிறது. 2023 ஏப்ரலில் இங்கிருந்து காசர்கோட்டுக்குக் கிளம்பிய வந்தே பாரத்துக்கும் கம்பிதான் ஆதாரம். பேட்டரி ஒழியவில்லை, அவசர விளக்குக்காக எந்நேரமும் நிறைந்தபடி காத்திருக்கிறது.

வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் முன்பு பெல்ட் அறுந்தால் ஒரு பெட்டிதான் இருளும். இன்று கம்பியில் கரண்ட் போனால், ஜெனரேட்டர் துணையில்லாத வண்டியில் அத்தனை பெட்டியிலும் ஏ.சி. ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது.