அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

ஜெராம், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் ஒரு பையன் சிறுநீர்ப் பரிசோதனையில் பிடிபட்டால், வீட்டில் கேட்கும் முதல் கேள்வி "ஃபைன் எவ்வளவு?" என்பதுதான். பணத்தைப் புரட்டிக் கட்டியதும் பிரச்சினை தீர்ந்ததென்று நினைக்கிறார்கள். தீர்வதில்லை.

1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1)(ஏ) பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதற்கு மேல், 38பி பிரிவின்படி 2 முதல் 3 ஆண்டு வரை கண்காணிப்பு. நீதிமன்றப் பதற்றத்தில் பலர் காதில் வாங்காமல் விடுவது இதைத்தான்.

கண்காணிப்பு என்றால் ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் குறித்த நாளில் நேரில் போய்ப் பதிய வேண்டும். சிறுநீர் கொடுக்க வேண்டும். அனுமதியின்றி வேறு வட்டாரத்திற்குக் குடிபோகக் கூடாது. வேலை கிடைத்ததென்று சொல்லாமல் கொள்ளாமல் ஜொகூருக்குப் போகிற பையன் இங்கேதான் மாட்டிக்கொள்கிறான். நிபந்தனையை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 பிரம்படி வரை, அல்லது இரண்டுமே. பஸ் அதிகமில்லாத தோட்டத்திலிருந்து, ஒரு நாள் சம்பளத்தை இழந்து போய்வருவது சிரமம்தான். ஆனாலும் போகாமல் இருப்பதைவிட, முன்கூட்டியே அதிகாரியிடம் பேசித் தேதியை மாற்றக் கேட்பது நல்லது.

இன்னொரு வழி, 1983ஆம் ஆண்டு போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம். இதில் குற்றத் தீர்ப்பு கிடையாது. மருத்துவர் போதைப்பித்தர் என உறுதிப்படுத்தினால், மாஜிஸ்திரேட் மறுவாழ்வு மையத்திற்கு (முன்பு 'புசாட் செரெந்தி', இப்போது 'புஸ்பென்') அனுப்பி, வெளிவந்த பின் கண்காணிப்பில் வைக்கலாம். அல்லது வீட்டிலிருந்தபடியே கண்காணிப்புக்கு உத்தரவிடலாம். உத்தரவுக்கு முன் அவர் தரப்பைச் சொல்லச் சட்டம் வாய்ப்பளிக்கிறது. வேலை, குடும்பப் பொறுப்பு எல்லாம் அங்கேதான் பேசப்பட வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தலைகுனிந்து வாய்மூடி நிற்கிறார்கள்.

திரும்பத் திரும்பப் பிடிபடுபவருக்கு 39சி பிரிவு காத்திருக்கிறது: 5 முதல் 7 ஆண்டு சிறை, 3 பிரம்படி வரை. முந்தைய தண்டனைகள் மட்டுமல்ல, மறுவாழ்வு மையத்தில் இருந்த தடவைகளும் இதில் கணக்கில் வரும்.

பிடிபடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 1983 சட்டத்தின் 8ஆவது பிரிவின் கீழ் ஒருவர் தானாகவே ஏஏடிகேயிடம் சிகிச்சைக்கு விண்ணப்பிக்கலாம். வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஹெரோயின் பழக்கத்திற்கு 2005 முதல் மெத்தடோன் சிகிச்சையும் உண்டு. கைதாகிவிட்டால், தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரை இலவசமாகக் கேட்கலாம். ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்க வேண்டும்.