நீல பஸ்ஸில் ஊர் ஊராகப் பாடிய குடும்பம்

"சவுண்ட் ஆப் மியூசிக்" என்ற ஆங்கிலப் படம் 1965-ல் வந்தது. அதைப் பார்த்தவர்களுக்குக் கடைசிக் காட்சி மறந்திருக்காது. தகப்பனார், தாயார், ஏழு பிள்ளைகள். ஹிட்லரின் ஆட்களிடம் இருந்து தப்பி, மலை ஏறிப் போகிறார்கள். பாட்டு ஓங்கி ஒலிக்கிறது. படம் முடிந்தது. நாமும் எழுந்து வீட்டுக்கு வந்து விடுகிறோம்.

மலைக்கு அந்தப் பக்கம் போனவர்கள் என்ன ஆனார்கள்? மறுநாள் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?

அதைப் படம் சொல்லவில்லை. அந்தக் குடும்பமோ கற்பனைக் குடும்பம் அல்ல. ஆஸ்திரியா நாட்டில் நிஜமாகவே வாழ்ந்த ட்ராப் குடும்பம். அவர்கள் அமெரிக்காவுக்குப் போய், ஒரு நீல நிற பஸ்ஸில் ஏறி, ஊர் ஊராகப் பாடிப் பிழைத்தார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல. பதினேழு பதினெட்டு வருஷம்!

அந்தப் பஸ்ஸில் இருந்த ஒருத்தி அகதே. குடும்பத்தின் மூத்த மகள். படத்தில் மூத்த மகளுக்குப் பதினாறு வயது. தந்தி கொண்டு வரும் பையனோடு காதல் பாட்டுப் பாடுகிறாள். உண்மையான அகதேக்கு, ஊரை விட்டுக் கிளம்பியபோது வயது 25. கூச்ச சுபாவம் உள்ள பெண். நன்றாகத் தைப்பாள், படம் வரைவாள். குரலோ உச்ச ஸ்தாயி. தொண்ணூறு வயதில், 2003-ல், தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டாள்.

மலை ஏறவில்லை, ரயில் ஏறினார்கள்

முதலில் மலைச் சமாசாரத்தைச் சொல்லி விடுகிறேன். அவர்கள் மலை ஏறித் தப்பவில்லை. சால்ஸ்பர்க் நகரத்தில் படத்தில் காட்டுகிற அந்த மலையைத் தாண்டினால், ஹிட்லரின் ஜெர்மனிக்குள்ளேயே போய் இறங்க வேண்டியதுதான்! அவர்கள் பட்டப்பகலில் ரயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள். தகப்பனார் ஜார்ஜ் பிறந்த சாடர் என்ற ஊர், முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலியைச் சேர்ந்து விட்டது. அதனால் குடும்பம் முழுவதும் இத்தாலியப் பிரஜைகள். அந்தக் காகிதம்தான் காப்பாற்றியது.

ஜார்ஜ் கப்பற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் தலைவராக இருந்தவர். பெயர் பெற்ற வீரர். 1918-ல் ஆஸ்திரியா போரில் தோற்றது, கடற்கரையையே இழந்தது. கடல் இல்லாத நாட்டில் கப்பல் தலைவருக்கு என்ன வேலை? 1922-ல் முதல் மனைவி விஷக் காய்ச்சலில் இறந்தார். ஏழு பிள்ளைகள். 1927-ல் மரியா என்ற இளம்பெண்ணை மணந்தார். அப்போது மரியாவுக்கு 22 வயது. மூத்த பையன் ரூபர்ட்டுக்கு 16! இன்னும் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன.

1935-ல் இடி விழுந்தது. அவர் பணம் போட்டிருந்த பாங்கி திவால் ஆயிற்று. வேலைக்காரர்களை அனுப்பி விட்டார்கள். வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டார்கள். அப்படி வந்து தங்கியவர்களில் ஒருவர் பிரான்ஸ் வாஸ்னர் என்ற இளம் பாதிரியார். சங்கீதம் தெரிந்தவர். வீட்டில் பொழுதுபோக்காகப் பாடிக் கொண்டிருந்த பிள்ளைகளைத் திருத்தி, முறையாகப் பழக்கினார். 1936-ல் லோட்டே லேமன் என்ற பிரபல பாடகி இவர்கள் பாட்டைக் கேட்டு விட்டு, போட்டியில் பாடியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். பாடினார்கள், முதல் பரிசு வந்தது. ஜார்ஜுக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. தம் பிள்ளைகள் காசுக்கு மேடை ஏறுவதா என்று வருந்தினார். ஆனால் வேறு வழி?

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார். வீட்டில் நாஜிக் கொடி ஏற்றச் சொன்னார்கள், ஜார்ஜ் மறுத்தார். ஜெர்மன் கப்பற்படையில் பதவி தருவதாகச் சொன்னார்கள், மறுத்தார். ரூபர்ட் டாக்டருக்குப் படித்திருந்தான். யூத டாக்டர்களைத் துரத்தி விட்டுக் காலியான இடத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். அவனும் மறுத்தான். கடைசியில், ஹிட்லரின் பிறந்த நாளுக்குக் குடும்பத்தோடு வந்து பாட வேண்டும் என்று அழைப்பு. இதையும் மறுத்து விட்டு அதே ஊரில் இருக்க முடியுமா? மூட்டை கட்டினார்கள்.

பஸ்ஸே வீடு

1938 அக்டோபரில் நியூயார்க்கில் இறங்கினார்கள். கையில் இருந்தது நான்கே டாலர் என்று மரியா எழுதியிருக்கிறார். ஆறு மாதம் தங்க அனுமதி. கச்சேரிகளுக்கு ஒரு ஏஜெண்டு ஏற்பாடு செய்திருந்தார். அவர் கொடுத்ததுதான் அந்த நீல பஸ். முன்னால் "ட்ராப் குடும்பப் பாடகர் குழு" என்று எழுதியிருந்தது.

நம் ஊர் நாடகக் கம்பெனிகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புரியும். இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். ராத்திரி கச்சேரி முடிந்ததும் உடுப்பை மடித்துப் பெட்டியில் வை; காலையில் பஸ்ஸில் ஏறு. பெட்டிகளோடு வாத்தியங்களும் ஏற வேண்டும். சிறிய பியானோ மாதிரி ஒரு பெட்டி வாத்தியம். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பழங்காலத் தந்தி வாத்தியம். நேராகப் பிடித்து ஊதும் மரக்குழல்கள். நியூயார்க்கில் நுழைந்த நாளில் இவர்களிடம் ஐம்பதுக்கு மேற்பட்ட மூட்டை முடிச்சுகள் இருந்தனவாம்.

பஸ்ஸில் இருந்தவர்கள் யாருக்கும் இங்கிலீஷ் சரளமாக வராது. அதோடு மரியா அப்போது கர்ப்பிணி. விரிந்த பாவாடைக்குள் அதை மறைத்துக் கொண்டு, மேடை ஏறிப் பாடினார். ஏஜெண்டுக்குத் தெரிந்தபோது அவர் மீதிக் கச்சேரிகளை ரத்து செய்து விட்டார்! வருமானம் நின்றது. 1939 ஜனவரியில் பிலடெல்பியாவில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜோஹன்னஸ் என்று பெயர். குடும்பத்தில் பத்தாவது குழந்தை.

அனுமதிக் காலம் முடிந்ததும் நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். ஐரோப்பாவின் வடபகுதியில் சில மாதம் பாடினார்கள். போர் மூண்டது. 1939 அக்டோபரில் மறுபடி நியூயார்க் துறைமுகம். "எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். மரியாவுக்கு இருந்த சந்தோஷத்தில், இனிமேல் இங்கிருந்து போகவே விருப்பம் இல்லை என்று உண்மையைச் சொல்லி விட்டார். அவ்வளவுதான்! தற்காலிக அனுமதியில் வந்தவர் இப்படிச் சொல்லலாமா? எல்லிஸ் தீவில் சில நாட்கள் அடைத்து வைத்து, பிறகுதான் விட்டார்கள்.

ஈ செய்த உபகாரம்

முதல் ஏஜெண்டு கைவிட்டார். வேறொருவர் கிடைத்தார். அவர் கண்டிப்பான பேர்வழி. "நீங்கள் அருமையாகப் பாடுகிறீர்கள். ஆனால் மேடையில் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறீர்கள்" என்கிற தோரணையில் சொல்லி விட்டார். பாடகர் குழு என்ற பெயரைப் பார்த்தால் கோவில் பாட்டு என்று ஜனங்கள் பயந்து விடுவார்கள் என்று, "ட்ராப் குடும்பப் பாடகர்கள்" என்று மாற்றினார். பெரிய பெரிய தேவாலய சங்கீதத்தைக் குறைத்து, கிராமப் பாட்டுகளைச் சேர்க்கச் சொன்னார். விளம்பரச் செலவுக்கு 5,000 டாலர் கட்டவும் சொன்னார்.

சிரிப்பது எப்படி என்று அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஈ கற்றுக் கொடுத்தது! ஒரு நாள் கச்சேரியில் மரியா வாயைத் திறந்து பாடும்போது, ஈ ஒன்று உள்ளே போய் விட்டது. இருமினார், முகம் சிவந்தது, பாட்டு நின்றது. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. "ஓர் ஈயை விழுங்கி விட்டேன்" என்று சபையிடமே சொல்லி விட்டார். சபை குலுங்கிச் சிரித்தது. மேடையிலும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பாடிய பாட்டெல்லாம் எடுபட்டது. அன்று முதல் சபையோடு நாலு வார்த்தை பேசுவது என்று வழக்கம் ஏற்பட்டது.

சின்னச் சின்ன ஊர்களில்கூட இவர்களுக்குக் கச்சேரி கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் ஊர்ச் சங்கீத சபைகள் ஒரு முறை வைத்திருந்தன. வருஷ ஆரம்பத்திலேயே ஊராரிடம் சந்தா வசூலிப்பார்கள். கையில் வந்த பணத்துக்குத் தக்கபடி பாடகர்களை அழைப்பார்கள். மழையோ, பனியோ, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் பாடகருக்குக் கூலி உண்டு. நம் சபாக்காரர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல இது!

ஒரு குரல் குறைந்தால்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் பஜனையில் பத்துப் பேர் பாடினாலும் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுவார்கள். இரண்டு பேர் வராவிட்டாலும் பஜனை நடக்கும். மேல்நாட்டுக் குழுப் பாட்டு அப்படி அல்ல. ஒரே பாட்டில் நாலைந்து குரல்கள். ஒவ்வொரு குரலுக்கும் தனி மெட்டு. எல்லாம் சேர்ந்தால்தான் பாட்டு. சின்னக் குழுவில் ஒருவர் எழுந்து போனால், சுவரில் இருந்து ஒரு கல்லை உருவியது மாதிரி.

அந்தக் கற்கள் யார்? கல்யாண வயதில் இருந்த பெண்களும் பையன்களும்!

1942-ல் வெர்மான்ட் மாகாணத்தில், ஸ்டோ என்ற ஊரில், மலைச் சரிவில் ஒரு பழைய பண்ணையை வாங்கினார்கள். கோடையில் அங்கே உழைப்பு. மற்ற மாதங்களில் பஸ். 1943-ல் ரூபர்ட்டையும் வெர்னரையும் அமெரிக்க ராணுவம் அழைத்துக் கொண்டது. பனிச்சறுக்குத் தெரிந்தவர்கள் என்று மலைப் படையில் சேர்த்து, இத்தாலிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். குழுவில் இரண்டு ஆண் குரல்களும் போயின. வாஸ்னர் பாதிரியார் அத்தனை பாட்டுகளையும் பெண் குரல்களுக்கு ஏற்றபடி திருத்தி எழுதினார். அடிக்குரலைத் தாமே பாடினார். அண்ணனும் தம்பியும் போர்க்களத்தில் இருக்க, அக்காள் தங்கைகள் மேடையில் சிரித்த முகத்தோடு பாடினார்கள்! இரண்டு பேரும் உயிரோடு திரும்பினார்கள். பண்ணைக்குப் பின்னால் குன்றின் மேல் வெர்னர் கட்டிய நேர்த்திக்கடன் கோவில் இன்றும் இருக்கிறது.

1947 மே மாதம் தகப்பனார் இறந்தார். பிள்ளைகளுக்கு அவர்தான் நிழல். படத்தில் விசில் ஊதிக் குழந்தைகளை மிரட்டுகிற முரட்டு மனிதராக அவரைக் காட்டியிருக்கிறார்கள். அது பொய் என்று அகதே கடைசி வரை சொன்னாள். பெரிய வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட விசில் ஊதியது உண்மை. ஆனால் அவர் சாது, அன்பு மிக்கவர். உரத்த குரலும், இடி மாதிரி வந்து மழை மாதிரி போகிற கோபமும் மரியாவுக்கு. அவர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் முதல் வருஷமே பட்டினி கிடந்திருக்கும் என்பதும் உண்மை. குழு கலையக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார் என்பதும் உண்மை. நான் யாரைக் குறை சொல்ல?

1948-ல் ஜோஹன்னா தாயாரின் இஷ்டத்துக்கு விரோதமாக வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் செய்து கொண்டாள். ரோஸ்மேரிக்கு மேடை என்றாலே நடுக்கம். தகப்பனார் போன பிறகு அவள் மனம் உடைந்து, சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. மார்டினா கல்யாணம் ஆகியும் குழுவில் இருந்தாள். 1951-ல் பிரசவத்தில் இறந்தாள். வயது முப்பது. குழந்தையும் பிழைக்கவில்லை. ஒவ்வொரு குரலாகக் காலியான இடத்தில், சம்பளத்துக்கு வெளியாட்களை அமர்த்தினார்கள். விளம்பரத்தில் மட்டும் "குடும்பம்" என்ற பெயர் இருந்தது.

அகதே எங்கும் போகவில்லை. 25 வயதில் பஸ் ஏறியவள், குழு கலையும் வரை பாடினாள். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. 1955-ல் ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து வரை போய்ப் பாடினார்கள். அடுத்த வருஷத்தோடு கச்சேரிகளை நிறுத்தினார்கள். அப்போது அவளுக்கு 43 வயது. சொந்தமாக ஒரு தொழிலும் கற்றதில்லை. ஒரு சிநேகிதியோடு சேர்ந்து சிறுவர் பள்ளி தொடங்கினாள். மேரிலாண்ட் மாகாணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அதை நடத்தினாள். 2010-ல், 97-வது வயதில் காலமானாள்.

குழு கலைந்த அதே 1956-ல் மரியா தம் கதையின் சினிமா உரிமையை ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு விற்றார். கிடைத்தது 9,000 டாலர். பின்னால் அமெரிக்கர்கள் அதே கதையை எடுத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தார்கள்.

ஸ்டோவில் அந்தப் பண்ணை இப்போது பெரிய விடுதி. 1980-ல் தீப்பிடித்து எரிந்தது, மறுபடி கட்டினார்கள். அதைப் பல காலம் கட்டிக் காத்தவர் ஜோஹன்னஸ். நீல பஸ்ஸில் தாயின் வயிற்றில், டிக்கெட் இல்லாமல், ஏஜெண்டுக்கும் தெரியாமல் பிரயாணம் செய்த அதே பிள்ளை.